சந்தைப் பை

ஆகஸ்ட் 12, திங்கள்

பதினோராம் வகுப்பில் குடும்பச் செலவு பாடம் நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு வட்டம் போடுவேன். தோசையைப் பிய்ப்பது மாதிரி அதைத் துண்டு போட்டு, இது சாப்பாடு, இது துணி, இது படிப்பு, இது வைத்தியம் என்று எழுதுவேன். ஒரு வருடம் மலர்க்கொடி என்ற மாணவி எழுந்து கேட்டாள். "சார், இதெல்லாம் யாருக்குப் பிடிச்சு வாங்கினது?" வகுப்பு சிரித்தது. "கணக்கெடுக்கும்போது குடும்பம் மொத்தமும் ஒரே ஆளும்மா, உட்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். நானும் அடுத்த வட்டத்துக்குப் போய்விட்டேன்.

இன்று சந்தையில் கத்திரிக்காய்க் குவியல் முன்னால் நிற்கும்போது அந்தக் கேள்வி ஏன் ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை.

செந்தாமரை நேற்றுக் காலை அம்பத்தூர் கிளம்பினாள். மகள் கயல்விழி பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குப் போகிறாள். குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். ஆயுத பூஜைக்குள் கயலின் மாமியார் வந்துவிடுவார், அப்புறம் இவள் திரும்பிவிடுவாள். பெரம்பலூர் வரை கூடப்போய் பஸ் ஏற்றிவிட்டேன். வாழைப்பழம், பிஸ்கட், தண்ணீர் பாட்டில் எல்லாம் நானே வாங்கிக் கொடுத்தேன். எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று இரண்டு தடவை சொன்னேன். தலையாட்டினாள்.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம். செந்தாமரையை ஒரு நாள்கூடக் கடைக்கு அனுப்பியதில்லை. உப்பிலிருந்து ஊக்கு வரைக்கும் நான்தான். மற்ற வாத்தியார் வீட்டுப் பெண்கள் இடுப்பில் ஒரு பை, தோளில் ஒரு பையென்று டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவதைப் பார்க்கும்போதெல்லாம், என் வீட்டில் அந்தக் கஷ்டம் இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

பழக்கத்தில் ஒரு கிலோ கத்திரிக்காய் வாங்கிவிட்டேன். இருப்பது நான் ஒருவன்.

ஆகஸ்ட் 14, புதன்

கத்திரிக்காய்க் குழம்பு. காய் வேகவில்லை, புளி தூக்கலாகிவிட்டது. நாளைக்கும் இதுதான்.

ஆகஸ்ட் 17, சனி

ஓய்வு பெற்ற ஆசிரியர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். தலைப்பு: நகரிலும் கிராமத்திலும் குடும்பச் செலவு. நமக்கு வாகான தலைப்பு. குறிப்புகளை இந்த டைரியிலேயே எழுதி வரலாம் என்று இருக்கிறேன்.

முதல் குறிப்பு நல்லமுத்து கடை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தக் கடையில் உட்கார இடம் இருக்காது. அரிசி மூட்டை, பருப்பு மூட்டை, மல்லி மூட்டை. இன்று மூட்டைகள் இருந்த இடத்தில் குடிதண்ணீர் கேன் அடுக்கியிருக்கிறது. தலைக்கு மேல் ஷாம்பு, காபித்தூள், நூடுல்ஸ் பாக்கெட்டுகள் தோரணம் மாதிரி தொங்குகின்றன. அரைமணி நேரம் நின்றேன். வந்தவர்களில் பாதிப் பேர் போனுக்கு ரீசார்ஜ் செய்ய வந்தவர்கள். கிராமத்தில் வயிறு முந்தும், நகரத்தில் வாடகை முந்தும் என்று சொல்லிக் கொடுத்தேன். இப்போது கிராமத்தில் எது முந்துகிறது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ரேஷன் அரிசி வந்துவிடுகிறது. அதில் மிச்சமான காசு பள்ளிக்கூட வேனுக்கும் வண்டித் தவணைக்கும் போகிறது.

ஒரு நல்ல உதாரணமும் கிடைத்தது. மேலத்தெரு மருதாயி ஒரு ஏக்கரில் சின்ன வெங்காயம் போட்டிருக்கிறாள். கடையில் பெல்லாரி வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தாள். என்ன இது என்று கேட்டேன்.

"வெளஞ்சத நாமளே தின்னுட்டா வட்டி யாரு சார் கட்டுறது?" என்றாள். பிறகு என் பையை எட்டிப் பார்த்து, "அம்மா ஊர்ல இல்லையா? மோர் பாக்கெட்டெல்லாம் ஏறுது" என்று சிரித்தாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

சந்தை. கத்திரிக்காய் அரைக்கிலோதான் வாங்கினேன். பெரியக்காள், நான் வாடிக்கையாக வாங்கும் காய்க்காரி, "என்ன சார், பாதியாக் குறைச்சுட்டீங்க" என்றாள்.

செந்தாமரையிடம் பேசினேன். அவள் எப்போதும் போனில் நிறையப் பேசமாட்டாள். குழந்தை குப்புற விழுகிறானாம். கை அரிப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முழங்கை வரை தடித்துக்கொண்டு தேங்காயெண்ணெய் தடவியபடி இருப்பாள். அங்கே போனதிலிருந்து இல்லை என்றாள். அப்படியென்றால் நம் ஊர்த் தண்ணீர்தான் காரணம். இது தெரியாமல் எத்தனை சோப்பு மாற்றினேன், வேப்பெண்ணெய் சோப்பு, சந்தன சோப்பு, மருந்துக்கடைச் சோப்பு. கட்டுரையில் வைத்தியச் செலவுக்கு இதை உதாரணமாகச் சொல்லலாம்: காரணம் தெரியாத செலவு எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

தனியாகச் சாப்பிடும்போதுதான் ஒன்று தெரிகிறது. அவள் பரிமாறினால் குழம்பில் உள்ள காயெல்லாம் என் தட்டுக்கே வந்துவிடும். தனக்குக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வாள், அதுவும் கொஞ்சமாக. விட்டுக்கொடுக்கிற குணம் அவளுக்கு.

செப்டம்பர் 8, ஞாயிறு

பிள்ளையார் சதுர்த்திக்கு எடுத்த படம் என்று கயல் அனுப்பியிருந்தாள். பேரன் பாட்டி மடியில். செந்தாமரை எலுமிச்சை நிறத்தில் ஒரு சேலை கட்டியிருக்கிறாள். முதலில் யாரோ என்று நினைத்தேன். கயலின் சேலையாக இருக்கும்.

நான் எடுத்துக் கொடுப்பதெல்லாம் காப்பி நிறம், கருநீலம், கரும்பச்சை. அழுக்குத் தெரியாது, நாள் தாங்கும். ஒரு தீபாவளிக்கு எடுத்தது ஐந்து வருடம் வந்தது. மாணவர்களுக்கே இதைச் சொல்லியிருக்கிறேன், விலையைப் பார்க்காதே, எத்தனை நாள் உழைக்கும் என்று பார்.

மாலையில் கயலைக் கூப்பிட்டுக் கேட்டேன். அம்மா தானே போய் எடுத்தது என்றாள். குழந்தை இருக்கிற வீட்டில் அந்த நிறம் ஒரு வாரம் தாங்காது.

செப்டம்பர் 23, திங்கள்

சந்தை போகவில்லை. போன வாரத்துக் காயே கிடக்கிறது.

செப்டம்பர் 29, ஞாயிறு

கட்டுரைக்காக நகரத்துச் செலவைக் கயலிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். வாடகை, குடியிருப்புப் பராமரிப்பு, தண்ணீர் கேன், வேலைக்கார அம்மா, பெட்ரோல். காய்கறி எங்கே என்று கேட்டேன். அதெல்லாம் போனில் அமுக்கினால் கொஞ்ச நேரத்தில் வாசலுக்கு வந்துவிடும், முன்பெல்லாம் அப்படித்தான் என்றாள்.

"முன்பெல்லாம்னா?"

"அம்மா வந்ததுலேர்ந்து அவங்கதான் மார்க்கெட்டுக்குப் போறாங்கப்பா. வீட்டுச் செலவுப் பணத்த அவங்ககிட்டயே குடுத்துட்டேன்."

"அலைய விடுறியே. வாசலுக்குத்தான் வருதே."

"நான் எங்க விட்டேன்? அவங்களுக்குப் போகணும்னு இருக்கு. பொம்பளைங்களுக்கு பஸ்ல டிக்கெட் இல்லல்ல, ஏறிப் போயிடுறாங்க."

டவுன் பஸ் எங்கள் ஊருக்கும் வருகிறது. இங்கேயும் பெண்களுக்கு டிக்கெட் இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

செந்தாமரை கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. சம்பந்தி அம்மாவுக்கு முழங்கால் வலியாம், ஆயுத பூஜைக்கு வர முடியாதாம். தீபாவளி கழித்து வருகிறேன் என்றாள். முழங்கால் வலி என்றால் என்ன செய்ய முடியும், இரு என்றேன்.

அக்டோபர் 12, சனி

கயல் ஆயுத பூஜைப் படம் அனுப்பியிருந்தாள். வண்டிக்கு மாலை, பொரிகடலை, குழந்தை. சம்பந்தி அம்மாவும் நிற்கிறார், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு. பூஜைக்கு மட்டும் வந்துவிட்டுப் போயிருப்பார்.

அக்டோபர் 21, திங்கள்

சந்தை முடிந்து பெரம்பலூர் போய்த் தீபாவளிக்குச் சேலை எடுத்தேன். காப்பி நிறம். கடைப் பையன் எலுமிச்சை நிறத்தில் ஒன்றை எடுத்துப் போட்டான். நாள் தாங்குமா என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு மடித்து வைத்துவிட்டான். தீபாவளிக்கு நானே அம்பத்தூர் போவதாக முடிவு செய்துவிட்டேன். திரும்பும்போது இருவரும் சேர்ந்து வந்துவிடலாம். அவளுக்கும் சேர்த்துத் திரும்பும் டிக்கெட் போட்டாயிற்று.

அக்டோபர் 29, செவ்வாய்

அம்பத்தூர். நேற்று வந்து சேர்ந்தேன். சேலையைக் கொடுத்தேன். ஓரத்தில் மஞ்சள் தடவி வைத்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். ஒவ்வொரு வருடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறாள். சம்பந்தி அம்மா இங்கேயேதான் இருக்கிறார், வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி எப்படி என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 30, புதன்

காலையில் செந்தாமரை மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். நானும் வருகிறேன் என்று பையை எடுத்தேன். பையை என் கையிலேயே விட்டுவிட்டு முன்னால் நடந்தாள். வீட்டில் இவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நான்தான் பின்னாலேயே போனேன்.

மார்க்கெட்டில் இரண்டு கடைகளைத் தாண்டிப்போய் மூன்றாவதில் நின்றாள். கோவைக்காயை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். வேலியில் தானாகக் காய்க்கிறதைக் காசு கொடுத்து யாராவது வாங்குவார்களா என்று நான் அதைத் தொட்டதே கிடையாது. கடைக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாம்மா, இன்னிக்கு ஆள் இட்டாந்துக்கிற?"

"பை தூக்க ஆள் வேணாமா?" என்றாள் செந்தாமரை. இருவரும் சிரித்தார்கள். விலையில் ஐந்து ரூபாய்க்கு வாயாடினாள், கொசுறாகக் கறிவேப்பிலையை அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள். நானும் சிரித்து வைத்தேன். பக்கத்தில் கத்திரிக்காய் நல்ல பிஞ்சாக, காம்பு பச்சையாக இருந்தது. சும்மா இருக்க முடியவில்லை.

"அதுல ஒரு கிலோ வாங்கு. பிஞ்சா இருக்கு."

"அய்ய, அது இந்தம்மாவுக்கு ஆவாதே சார்" என்றாள் கடைக்காரி. "கை பூரா அரிச்சிக்கும். உனுக்குத் தெரியாதா?"

செந்தாமரை கோவைக்காயைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

வரும் வழியில் ஒரு டீக்கடையில் நின்றோம். கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"கல்யாணமான புதுசுல ஆசையா வாங்கிட்டு வந்தீங்க. வேணாம்னு சொல்ல மனசு வரல. அப்புறம் வாராவாரம் வந்துச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்ப சொல்ல? கேட்டுட்டா போனீங்க? பையோட வந்து நிப்பீங்க. நான் கொட்டிப் பாப்பேன்."

"நான் எதுலயாவது குறை வெச்சிருக்கேனா, செந்தாமரை?"

"வைக்கலைங்க. ஒரு நாளும் வைக்கல. அதான் எனக்கு வாயத் தொறக்க எடமே இல்லாமப் போச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சனிக்கிழமை பஸ்ஸுக்கு இருவருக்கும் டிக்கெட் போட்டிருக்கிறேன் என்றேன். நீங்கள் போங்கள், நான் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். எவ்வளவு நாள் என்று கேட்டேன். கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சின்னதாக ஜிப் வைத்த ஒரு பர்ஸைத் திறந்து டீக்குக் காசு கொடுத்தாள். எனக்கும் சேர்த்து.

அவள் வாங்கிக் கொடுத்து நான் குடித்த முதல் டீ. சர்க்கரை கம்மி. எனக்குச் சர்க்கரை கம்மி என்று அவள்தான் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. காப்பி நிறச் சேலையைக் கட்டிக்கொண்டாள். வேண்டாம், அந்த எலுமிச்சை நிறத்தைக் கட்டு என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் எல்லோரும் படம் எடுக்க நின்றுவிட்டார்கள்.

நவம்பர் 2, சனி

தனியாகத் திரும்பினேன். பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டு வந்தேன். விழுப்புரத்தில் நடத்துனர், "ஆள் வரலையா, பைக்கு டிக்கெட்டா சார்?" என்று கேட்டார்.

நவம்பர் 4, திங்கள்

சந்தைக்குப் போய் அங்கிருந்தே அவளைக் கூப்பிட்டேன். என்ன வாங்கட்டும் என்று கேட்டேன்.

"எனக்கா? நான்தான் அங்க இல்லையே. உங்களுக்குப் பிடிச்சத வாங்குங்க."

போனைப் பையில் போட்டுக்கொண்டு நின்றேன். எது மலிவு என்று எனக்குத் தெரியும். எது வாரம் முழுக்க வாடாமல் இருக்கும் என்று தெரியும். எந்தக் கடைக்காரர் தராசில் விளையாடுவார் என்றுகூடத் தெரியும். எனக்குப் பிடித்தது எது என்று யோசித்தால் ஒன்றும் பிடிபடவில்லை. கத்திரிக்காய் எனக்கே பிடிக்குமா என்று சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் தக்காளி மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 6, புதன்

வாய்க்கால் வேலியில் கோவைக்காய் பறித்தேன். மருதாயி பார்த்துவிட்டு, "சாருக்குப் பென்ஷன் நின்னுபோச்சா?" என்றாள். வதக்கிச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 15, வெள்ளி

சங்கச் செயலாளர் கட்டுரையைக் கேட்டு மறுபடியும் கூப்பிட்டார். நகரம் ஒரு பக்கம், கிராமம் ஒரு பக்கம் என்று எல்லாம் எழுதிவிட்டேன். தண்ணீர் கேன், ரீசார்ஜ், வேன், வாடகை எல்லாம் வந்துவிட்டன. படித்துப் பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் 'குடும்பம் வாங்குகிறது', 'குடும்பம் செலவிடுகிறது' என்று இருக்கிறது. அனுப்ப மனம் வரவில்லை.

நவம்பர் 23, சனி

செந்தாமரை வந்திருக்கிறாள். நாளை அவள் தம்பி மகள் கல்யாணம். வியாழக்கிழமை திரும்புகிறாள். திரும்புகிறாள் என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவரை இந்த டைரியில் அந்தச் சொல்லை இந்த வீட்டுக்கு வருவதற்குத்தான் எழுதியிருக்கிறேன்.

வந்ததும் சமையலறையில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தாள். டப்பாக்களை இடம் மாற்றியிருக்கிறீர்களே என்றாள். பழைய இடத்தில் வைக்கட்டுமா என்றேன். வேண்டாம், உங்களுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும் என்றாள்.

நவம்பர் 25, திங்கள்

காலையில் பையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "வா, போகலாம்" என்றேன். டவுன் பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு மட்டும் எடுத்தேன். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சந்தையில் நான் முன்னால் போகவில்லை. கால் பழக்கத்தில் இரண்டு தடவை முந்தியது, நிறுத்திக்கொண்டேன். அவள் நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பெரியக்காள் கடையில்தான் வந்து நின்றாள். காய் அங்கேதான் நன்றாக இருந்தது. பெரியக்காள் பின்னால் நின்ற என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள்.

"யாரு சார், வீட்டுக்கு விருந்தாளியா? எந்த ஊரும்மா?"

ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் நின்று பேரம் பேசும் கடை. பெரியக்காளின் மருமகன் பெயர் எனக்குத் தெரியும், அவள் கண் ஆபரேஷன் தெரியும். நான் என் வீட்டுக்காரி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் செந்தாமரை முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க. மெட்ராஸ்."

சொல்லிவிட்டு அவரைக்காயைப் பொறுக்க ஆரம்பித்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை, பார்க்கவிடாமல் நானும் முருங்கைக்கீரைக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சொன்னேன். "என் வீட்டம்மா, பெரியக்கா." பெரியக்காள் வாயில் கையை வைத்தாள். "அட, நம்ம அம்மாவா? ஒரு நாளும் கூட்டிட்டு வரலியே சார்" என்றாள். அவள் அதைச் சும்மாதான் சொன்னாள்.

அவரைக்காய், பீர்க்கங்காய், கீரை வாங்கினாள். கடைசியில் அரைக்கிலோ கத்திரிக்காயைத் தராசில் போட்டாள்.

"இது எதுக்கு?"

"உங்களுக்குத்தான். நான் போனப்புறம் வச்சுக்கங்க."

"எனக்கு அது அவ்வளவா பிடிக்காது, செந்தாமரை."

தராசைப் பிடித்திருந்த பெரியக்காள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். செந்தாமரை கத்திரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்துக் குவியலிலேயே திரும்ப வைத்தாள். வைத்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"பின்ன என்னதான் பிடிக்கும்?"

"தெரியல."

"சரி, பாத்துச் சொல்லுங்க" என்றாள். பையை இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த ஒருவர் நகரச் சொன்னார். அவள் நகரவில்லை. நான் ஒவ்வொரு குவியலாகப் பார்த்துக்கொண்டே போய், கொஞ்சம் சுண்டைக்காயை அள்ளிக் கொடுத்தேன்.

நவம்பர் 28, வியாழன்

பெரம்பலூரில் பஸ் ஏற்றினேன். தண்ணீர் பாட்டிலை அவளே வாங்கிக்கொண்டாள். நான் எந்த நிறுத்தம் என்று சொல்லவில்லை. எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருந்து பழகிவிட்டவனுக்குக் கேட்கக்கூடாததைக் கேட்காமல் இருப்பது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. ஆனால் பஸ் கிளம்பும்போது அவளே ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

"பொங்கலுக்குச் சேலை எடுக்காதீங்க. நான் வந்ததும் சேர்ந்து போய் எடுப்போம்."

பொங்கலுக்கு வந்தால் எத்தனை நாள் இருப்பாள் என்று தெரியாது.

நவம்பர் 30, சனி

கட்டுரையை அனுப்பிவிட்டேன். நகரத்துக் கணக்கையும் கிராமத்துக் கணக்கையும் அரைப்பக்கத்தில் முடித்துவிட்டு, மலர்க்கொடி கேட்ட கேள்வியை எழுதினேன். பதில் எழுதவில்லை. அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ, யாருக்குப் பிடித்ததை வாங்குகிறாளோ. வகுப்பு முடியும்போது வீட்டுப்பாடம் கொடுக்காமல் நான் வெளியே வந்ததில்லை. அதனால் கடைசி வரியாக ஒன்று சேர்த்தேன்:

அடுத்த முறை கடைக்குக் கிளம்பும்போது பையை வீட்டிலிருக்கும் மற்றவர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் பின்னால் நடந்து பாருங்கள்.